கல்லடியில் ஐந்து நாள் ட்ரினிடாட்: பிள்ளையை அனுப்பலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அனுப்பலாம். ஒன்பது வயது தாண்டிய பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம். ஆறு, ஏழு வயது என்றால் கீழே சொல்லியிருப்பதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். என்னுடைய இரண்டு பேரும் போனார்கள், மகனுக்குப் பதினொன்று, மகளுக்கு ஏழு, அதனால் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் விடுமுறை என்றால் எங்கள் வீட்டில் ஒன்று டியூஷன், இல்லாவிட்டால் போன். இந்தமுறை வட்ஸ்அப்பில் ஒரு அறிவித்தல் வந்தது. கரீபியன் தீவு நாடான ட்ரினிடாட் அண்ட் டொபேகோவின் பண்பாட்டைப் பிள்ளைகள் செய்து பார்த்துப் படிக்கிற வகுப்பு, மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வீட்டு முற்றத்தில், ஐந்து நாள், காலை 8.30 முதல் 12.30 வரை, ஆளுக்கு 4,000 ரூபா, சாமான்கள் எல்லாம் அவர்களே தருவார்கள். இவர் பார்த்துவிட்டு "அது எங்க கிடக்கு?" என்று கேட்க, மகன் உடனே "பொல்லார்டுட நாடு அப்பா, பிராவோ, நரைன், பூரன் எல்லாரும் அங்கதான்" என்றான். வெஸ்ட் இண்டீஸ் என்பது ஒரு நாடு இல்லை, தனித்தனி நாடுகள் பல சேர்ந்து கிரிக்கெட் ஆடுகிற அணி என்பதையும் அவனே தகப்பனுக்கு விளக்கினான். சரி, இவ்வளவு தெரிந்த பிள்ளைக்கு மிச்சமும் தெரியட்டும் என்று இரண்டு பேருக்கும் காசு கட்டினேன்.

நடத்துகிறவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் டீச்சர் என்றே எழுதுகிறேன், பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கனடாவில் ஸ்கார்பரோவில் மகளோடு பத்து வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறார். பக்கத்து வீட்டில் ட்ரினிடாட் அம்மா ஒருவர். அவரிடம் சமையல் பழகி, கதை கேட்டு, ரொறன்ரோவில் 1967இல் இருந்து கோடையில் நடக்கிற கரீபியன் கார்னிவலுக்கு வருடா வருடம் போய்ப் படித்ததைத்தான் இங்கே சொல்லிக் கொடுக்கிறார். முதல் நாளே பெற்றோரை இருத்தி, "நான் அந்த நாட்டுக்குப் போனதில்ல, அந்த நாட்டு ஆக்களோட இருந்திருக்கன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஆனால் முதல் நாள் காலை எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் போய் உட்கார்ந்ததும் ஆளுக்கு மூன்று போட்டோகொப்பி கொடுத்து நிறம் தீட்டச் சொன்னார்கள். தென்னை மரம், கடற்கொள்ளைக்காரன் கப்பல், புதையல் பெட்டி, கிளி. தென்னை மரமும் கடலும் பாசிக்குடாவிலேயே இருக்கிறது, கொள்ளைக்காரனும் புதையலும் ஒரு நாட்டு மக்களுடைய பண்பாடா என்ன? படங்களின் கீழே இருந்த எழுத்தெல்லாம் ஆங்கிலம், மகளுக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. மத்தியானம் கூட்டப் போனபோது டீச்சரிடம் நேரே சொன்னேன். சின்னப் பிள்ளைகளுக்காக அவசரத்தில் இணையத்தில் எடுத்தது, பிழைதான் என்று ஒத்துக்கொண்டார். அடுத்த நாளில் இருந்து அந்தத் தாள்கள் வரவில்லை. இனிமேலும் வரக்கூடாது.

அதே நாளில் நடந்த இன்னொன்றுதான் இந்த வகுப்பு எப்படிப்பட்டது என்று எனக்குக் காட்டியது. ஆள் படம் கீறும்போது ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் "தோல் கலர் பேஸ்டல் தா" என்று கேட்டது. நமக்கெல்லாம் தெரியும், தோல் கலர் என்று நாம் சொல்வது அந்த வெளிறிய இளஞ்சிவப்பு. டீச்சர் வேலையை நிறுத்தி, பதினாறு பேரையும் கையை மேசையில் நீட்டி வைக்கச் சொன்னார். "இதில எந்தக் கை அந்தக் கலர், காட்டுங்க பாப்பம்." ஒரு கையும் இல்லை. அப்புறம் மண்ணிறம், மஞ்சள், சிவப்பு, கறுப்பு பெயின்டைக் கொடுத்து, ஆளாளுக்குத் தன் கை நிறத்தைத் தானே கலந்து எடுக்க வைத்தார். முக்கால் மணி நேரம் போனது. என் மகள் கலந்த நிறத்தை ஒரு யோகட் கப்பில் மூடி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

அதிலிருந்தே அந்த நாட்டு மக்களுக்கு வந்தார். 2011 குடிசன மதிப்பீட்டின்படி அங்கே ஏறத்தாழ 35 சதவீதம் இந்திய வம்சாவளி, 34 சதவீதம் ஆப்பிரிக்க வம்சாவளி, 23 சதவீதம் கலப்பு. சதவீதம் என்றால் ஏழு வயதுக்கு என்ன விளங்கும்? அதனால் இருந்த பதினாறு பிள்ளைகளையே ஆறு, ஐந்து, நான்கு, ஒன்று என்று பிரித்து நிறுத்தி, "இதுதான் அந்த நாடு" என்றார். தனியே நின்ற ஒரு பிள்ளை சீனர், சிரியர், ஐரோப்பியர், ஆதிக்குடிகள் எல்லாருக்குமாகச் சேர்த்து. இடம் எவ்வளவு என்பதற்கும் இப்படித்தான். ட்ரினிடாட் தீவு நமது அம்பாறை மாவட்டத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது, வெனிசுவேலாவுக்குக் கிட்டிய இடத்தில் பதினொரு கிலோமீற்றர்தான் தூரம். மகன் அன்றைக்கு இரவே தகப்பனை இழுத்து வைத்துக் கூகுள் மப்பில் அளந்து பார்த்தான்.

இரண்டாம் நாள்தான் ஐந்து நாளிலும் சிறந்தது. ஹிங்குரானைப் பக்கத்தில் இருந்து ஒரு கட்டுக் கரும்பு எடுப்பித்திருந்தார். ஆளுக்கொரு துண்டு கடித்துச் சாப்பிடக் கொடுத்துவிட்டு, இந்த இனிப்புக்காகத்தான் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று தொடங்கினார். ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாக. அவர்களுக்கு 1838இல் முழு விடுதலை கிடைத்ததும், கரும்பு வெட்ட ஆள் இல்லாமல் தோட்ட முதலாளிமார் இந்தியாவில் இருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். முதல் கப்பல் ஃபத்தெல் ரசாக், கல்கத்தாவில் புறப்பட்டு மூன்று மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து, 1845 மே 30இல் போர்ட் ஒஃப் ஸ்பெயினுக்கு வந்தது. 1917 வரை இப்படி ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். கூடுதலானவர்கள் வட இந்தியர், ஆனால் சென்னைத் துறைமுகத்தில் ஏறிப் போனவர்களும் இருந்தார்கள், அவர்களை அங்கே மதராசிகள் என்றார்கள்.

இதைச் சொல்லிவிட்டு முற்றத்து மணலில் கப்பல் கீறி, எல்லாரிடமும் ஒரு துவாயைக் கொடுத்து மூட்டை கட்டச் சொன்னார். திரும்பி வருவோமா என்று தெரியாது, ஒரே ஒரு மூட்டைதான், என்ன வைப்பீர்கள்? வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் இருப்பதில் எதையும் எடுக்கலாம், இல்லாததைத் தாளில் கீறி வைக்கலாம். ஒருத்தன் போனைக் கீறினான், சார்ஜ் போட இடம் இல்லை என்று மற்றவர்கள் கத்தியதும் எடுத்துவிட்டான். காத்தான்குடியில் இருந்து வந்த ஒரு பிள்ளை தன் உம்மாவின் கையெழுத்தை வைத்தது. என் மகன் கிரிக்கெட் போல். மகள் மிளகாய் விதையும் அம்மம்மாவின் படமும். எல்லாரும் மணல் கப்பலுக்குள் நெருக்கி உட்கார்ந்த பிறகு, உண்மையில் போனவர்கள் கொண்டுபோனது என்ன என்று டீச்சர் சொன்னார். மஞ்சள், சீரகம், பாட்டு, சாமி, மேளம். மதராசிகள் கொண்டுபோன தப்பு மேளம் இன்றைக்கும் அங்கே காளி கோயில்களில் அடிபடுகிறது, பெயரும் தப்புதான்.

அன்றைக்குக் கூட்டிக்கொண்டு வரும்போது மகன் ஓட்டோவில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து நேரே என் அம்மாவிடம் போய், "அம்மம்மா, உங்கட ஆக்களும் இப்படித்தானா வந்த?" என்று கேட்டான். என் அம்மா பதுளைப் பக்கம், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், கலியாணம் முடித்துத்தான் மட்டக்களப்புக்கு வந்தவர். எங்கள் வீட்டில் அந்தக் கதையை யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை, கேட்டதும் இல்லை. தன் பாட்டி கோப்பி, தேயிலை என்று சொன்னது, இந்தியாவில் இருந்து வந்து மன்னாரில் இறங்கி நடந்தது, வழியில் செத்தவர்கள் என்று அம்மா அன்றைக்கு இரவு ஒரு மணி நேரம் கதைத்தார். இதற்கு நான் மகனுக்காகக் கட்டியது 4,000 ரூபா என்றால் அது பெரிய காசே இல்லை.

ஆனால் இந்த நாள் சின்னப் பிள்ளைகளுக்குச் சரிவரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டுகளும் ஊர்ப் பெயர்களும் வந்தபோது ஒரு ஆறு வயதுப் பிள்ளை பாயிலேயே நித்திரை, இன்னொன்று அழுதது. மூட்டையும் கரும்பும் அவர்களுக்குப் போதும், அதற்கு மேல் வேறு வேலை கொடுத்துத் தனியே இருத்தியிருக்க வேண்டும். ஆறில் இருந்து பதின்மூன்று வரை ஒரே கூட்டமாக வைப்பது இரண்டு பக்கத்துக்கும் நட்டம்.

மூன்றாம் நாள் மேளம். இதை எப்படித் தொடங்கினார் என்றால், "இண்டைக்கு இந்த முற்றத்தில மேளம் அடிக்கக்கூடாது, அரசாங்க உத்தரவு" என்று ஒரு தாளை ஒட்டிவிட்டு, இருந்த ஒரே மேளத்தையும் தூக்கி அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பத்து நிமிடம் ஆகவில்லை, ஒருத்தன் கதிரையில் தட்டினான். அடுத்தவன் சாப்பாட்டுப் பெட்டியில். பிறகு சொல்லவா வேண்டும், பதினாறு பேரும் தட்டத் தொடங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் கதை. ட்ரினிடாட்டில் 1880களில் ஆங்கிலேய ஆட்சி ஊர்வலங்களையும் மேளத்தையும் அடக்கச் சட்டம் போட்டது, 1881இல் கன்பூலே ஊர்வலத்தில் மக்களுக்கும் பொலிசுக்கும் பெரிய மோதல். கன்பூலே என்றால் எரிந்த கரும்பு. மேளம் போனதும் மக்கள் மூங்கிலை வெவ்வேறு நீளத்தில் வெட்டி நிலத்தில் குத்தியும் ஒன்றோடொன்று அடித்தும் தாளம் எடுத்தார்கள், அதுதான் டம்பூ பம்பூ. அது தகர டின்னுக்கும் பிஸ்கட் பெட்டிக்கும் மாறி, 1930கள், 40களில் எண்ணெய் ட்ரம்முக்கு வந்து, ஸ்டீல்பான் ஆனது. பிள்ளைகளும் அதே வரிசையில் போனார்கள், முதலில் கதிரை, பிறகு மூங்கில், பிறகு பெயின்ட் டின். பதினொரு மணிக்கு நான் போனபோது சத்தம் ஒழுங்கை முனைக்கே கேட்டது, அயல்வீட்டு ஆட்கள் மதிலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ட்ரம் வேலைக்குத் தகரவேலை செய்கிற ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய எண்ணெய் ட்ரம்மின் அடியைச் சுத்தியலால் அடித்து அடித்துக் கிண்ணம்போல உள்ளே இறக்க வேண்டும். அப்புறம் அதில் இடம் இடமாகப் பிரித்து வரை போட வேண்டும், பெரிய இடம் என்றால் தாழ்ந்த சுரம், சின்ன இடம் என்றால் உயர்ந்த சுரம். நெருப்பில் காட்டித்தான் இரும்பைப் பதப்படுத்துவார்கள், கடைசியில் திரும்பவும் சுத்தியலால் தட்டிச் சுரம் சேர்ப்பார்கள். தாழ்ந்த சுரம் எடுக்கிற பாஸ் பானுக்கு ட்ரம் முழு நீளத்துக்கு இருக்கும், உயர்ந்த சுரம் எடுக்கிற டெனர் பானுக்குப் பக்கத்தை வெட்டிக் கட்டையாக்கிவிடுவார்கள். அடிக்கிற குச்சி நுனியில் ரப்பர். நம்முடைய ஆள் இரண்டு மணி நேரம் பாடுபட்டு மூன்று சுரம் எடுத்தார், நான்காவது வரவே இல்லை. அந்த மூன்றையும் வைத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு நிமிடம் அடித்தார்கள். ஒரு நிமிடம் எதற்குக் காணும்? ஒரு உண்மையான பான் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் அது மட்டக்களப்பில் எங்கே கிடைக்கும். 1951இல் இவர்களுடைய ஒரு குழு எண்ணெய் ட்ரம்களைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்குப் போய் வாசித்ததையும், 1992இல் அதையே நாட்டின் தேசிய வாத்தியமாக அறிவித்ததையும், ஐக்கிய நாடுகள் சபை ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல்பான் தினமாக்கியிருப்பதையும் டீச்சர் சொன்னார். பதிவுகள் போட்டும் காட்டினார். ஸ்பீக்கர் சரியில்லை, பாஸ் பான் சத்தம் கரகரத்தது.

இதில் ஒரு குறை பெரிய குறை. பெயின்ட் டின்களின் வெட்டிய விளிம்பில் ஒன்றுக்கும் டேப் ஒட்டவில்லை. ஒரு பொடியனுக்கு விரல் வெட்டிவிட்டது. ஆழமில்லை, பிளாஸ்டர் இருந்தது, உடனே கழுவிக் கட்டினார்கள், தாய்க்கும் போன் போட்டுச் சொன்னார்கள். ஆனாலும் தகரத்தோடு பிள்ளைகளை விடுகிற இடத்தில் இது முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய விஷயம். அடுத்தமுறை போகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு விடுங்கள்.

அந்த நாளின் முடிவில் தாசா மேளத்தைப் பற்றியும் வந்தது. மண்ணால் செய்த மேளம், ஆட்டுத்தோல், அடிக்க முதல் நெருப்புக்குக் கிட்டப் பிடித்துத் தோலை இறுக்குவார்கள். நம்முடைய பறையையும் நெருப்பில் காய்ச்சித்தானே அடிக்கிறோம். அங்கே முஹர்ரத்தில் ஹோசே என்று ஊர்வலம் நடக்கும், தாஜியா என்கிற அலங்காரக் கல்லறை மாதிரியைக் கட்டிக்கொண்டு போவார்கள், இந்துக்களும் கிறிஸ்தவர்களும்கூட அதில் சேர்ந்து மேளம் அடிப்பார்கள். தீபாவளியும் நோன்புப் பெருநாளும் அங்கே நாட்டுக்கே விடுமுறை. காத்தான்குடிப் பிள்ளைகள் இரண்டு பேரும் இதைக் கேட்டுவிட்டுக் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள், நேரம் போனதால் டீச்சர் பாதியில் விட்டார். இதற்கு அரை நாள் கொடுத்திருக்கலாம்.

நான்காம் நாள் சாப்பாடு, பிள்ளைகளைக் கேட்டால் இதுதான் முதலாவது. டபுள்ஸ் செய்தார்கள். கோதுமை மாவில் மஞ்சளும் ஈஸ்ட்டும் போட்டுப் பிசைந்து, பொங்க விட்டு, உள்ளங்கையில் எண்ணெய் தடவித் தட்டி, பொரித்து எடுக்கிற மெல்லிய பாரா. வடைக்கு வடநாட்டில் சொல்கிற பெயர்தான் பாரா. இரண்டு பாராவுக்கு நடுவில் கடலைக் கறி, மேலே புளிச்சாறு, வெள்ளரித் துருவல், உறைப்பு. இரண்டு பாரா வைப்பதால்தான் டபுள்ஸ். அங்கே காலையில் வேலைக்குப் போகிற ஆட்கள் தெருவோரத்தில் நின்று தாளில் வைத்துச் சாப்பிடுவது. உறைப்பு கொஞ்சம் போதும் என்றால் "ஸ்லைட்" என்று கேட்க வேண்டுமாம். பிள்ளைகளில் பாதிப் பேர் கடைக்காரர், பாதிப் பேர் வாங்குகிறவர்கள், முற்றம் முழுக்க "ஸ்லைட், ஸ்லைட்" என்று ஒரே சத்தம். என் மகள் வீட்டில் இப்போது சம்பலுக்கும் ஸ்லைட்தான் கேட்கிறாள்.

பொரிக்கிற வேலை டீச்சரும் இன்னொரு அம்மாவும், பிள்ளைகள் அடுப்புக்குக் கிட்டப் போகாமல் கயிறு கட்டியிருந்தார்கள், அந்தக் கவனம் நல்லது. பரோட்டாவைத் தட்டிலேயே இரண்டு அகப்பையால் அடித்து நார் நாராகப் பிய்த்து எடுக்கிற இன்னொரு ரொட்டியும் அங்கே இருக்கிறது, கிழிந்த சட்டை மாதிரி இருப்பதால் பஸ் அப் ஷட் என்று பெயர். இதைச் சொன்னதும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து "கொத்து!" என்று கத்தினார்கள். கொத்து இல்லைதான், கறி தனியே வரும், ஆனால் தகரத்தில் கரண்டி அடிபடுகிற சத்தத்தை அவர்கள் எங்கே கண்டுபிடித்தார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. கடலைக் கறியில் உப்புக் கொஞ்சம் கூட.

அன்றைக்கு மிச்ச நேரத்தில் கதை. கதை சொல்கிறவர் "கிரிக்" என்றால் கேட்கிறவர்கள் "கிராக்" என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் கதை மேலே போகும். காட்டையும் மிருகங்களையும் காக்கிற பாப்பா ப்வா கதை சொன்னார், உடம்பு மனிதன் பாதி மிருகம் பாதி, வேட்டைக்காரரைக் காட்டுக்குள் வழி தப்ப வைப்பவர். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து வந்த ஒரு பிள்ளை தங்கள் ஊர்க் காட்டுத் தெய்வத்தின் கதையைத் தானாக எழும்பிச் சொன்னது. "கிரிக்" என்று அந்தப் பிள்ளை சொல்ல, எல்லாரும் "கிராக்" என்று ஏற்றார்கள்.

ஐந்தாம் நாள் கார்னிவல் வேஷம். அங்கே இதை மாஸ் என்கிறார்கள், வேஷம் செய்கிற இடம் மாஸ் கேம்ப். கார்னிவல் எப்படி வந்தது என்பதை இரண்டு வரியில் விளங்கப்படுத்தினார். தவக்காலத்துக்கு முதல் பிரெஞ்சுக் கத்தோலிக்கத் தோட்ட முதலாளிமார் முகமூடி போட்டு ஆடினார்கள், அடிமைகள் தங்கள் பக்கத்தில் தாங்களாக ஆடினார்கள், விடுதலை கிடைத்ததும் தெரு அவர்களுடையதாகிவிட்டது. சிறுவர்களுக்கென்றே தனிக் கார்னிவலும் அங்கே உண்டு. பிரிஸ்டல் போட், டிசு பேப்பர், கம்பி, பைண்டர் கம் எல்லாம் தாராளமாக இருந்தன, ஒரு பிள்ளையும் கத்தரிக்கோலுக்குக் காத்துக் கிடக்கவில்லை. எல்லாரும் செய்தது ஸ்கார்லட் ஐபிஸ், ட்ரினிடாட்டின் தேசியப் பறவை. போர்ட் ஒஃப் ஸ்பெயினுக்குக் கிட்ட கரோனி என்ற கண்டல் சதுப்பில் பின்னேரம் கூட்டம் கூட்டமாக வந்து அடையும். குஞ்சாக இருக்கும்போது சாம்பலும் மண்ணிறமுமாக இருக்கும், நண்டும் இறாலும் தின்று தின்றுதான் சிவக்கும். அதனால் ஒரு சிறகு சாம்பல், மற்றச் சிறகு சிவப்பு என்று செய்ய வைத்தார். வாவிக் கரையில் கண்டல் பார்த்து வளர்கிற பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கூத்துப் பழக்குகிற ஒரு அண்ணாவியாரையும் கூப்பிட்டிருந்தார். இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. அவர் கூத்தாடும்போது கட்டுகிற ஒரு பழைய கரப்புடுப்பைக் கொண்டுவந்து, உள்ளே வளையம் எப்படிக் கட்டியிருக்கிறது, ஆடும்போது பாரம் எங்கே இறங்கும், இடுப்பில் எப்படி இறுக்க வேண்டும் என்று காட்டினார். அப்புறம் பிள்ளைகள் கட்டிய கம்பிச் சிறகுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, இது தோளில் நிற்காது, இதுக்குக் குறுக்கே ஒரு கம்பி வேணும் என்று திருத்திக் கொடுத்தார். ட்ரினிடாட்டில் கம்பி வளைக்கிறவர் என்றே ஒரு தொழில் இருக்கிறது என்று டீச்சர் சொன்னதும், "அப்ப அங்கயும் எங்கட ஆக்கள் இருக்காங்க" என்றார். மகனின் சிறகு அவர் திருத்தியதுதான், இன்னும் உடையாமல் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. பிறகு சிரட்டையில் கயிறு கட்டி ஏறி நடந்தார்கள், அங்கே பனை உயரத்துக்குப் பொய்க்காலில் நடக்கிற மோகோ ஜம்பிக்கு இது சின்னத் தம்பி. கரும்புத் தடியைப் பிடித்துக் கீழால் குனிந்து போகிற லிம்போவும் நடந்தது, அதுவும் அந்த நாட்டில் தோன்றிய ஆட்டம்தான். கடைசியாகப் பறங்கிக் குடும்பத்து அங்கிள் ஒருவர் வயலின் கொண்டுவந்து கஃப்ரிஞ்ஞா என்கிற அவர்களுடைய ஆட்டப் பாட்டை வாசிக்க, பிள்ளைகள் டின் அடித்துக்கொண்டு ஒழுங்கையால் கடற்கரை வரை போய் வந்தார்கள். கச்சான் காற்று அப்போது நன்றாக ஏறிவிட்டது, இரண்டு மூன்று சிறகு பறந்து போய் வேலியில் மாட்டியது, பிள்ளைகள் ஓடிப்போய் எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் வரிசைக்கு வந்தார்கள். நானும் பின்னால் நடந்தேன், கண் கலங்கிவிட்டது எனக்கு.

இனிக் குறைகளில் மிச்சம். டொபேகோவே வரவில்லை. நாட்டின் பெயரில் பாதி அது. முதலில் கவனித்தது மகன்தான், "அம்மா, டொபேகோ எங்க?" என்று இரண்டாம் நாளே கேட்டான். நானே தேடிப் படித்துச் சொன்னேன். அங்கே புக்கூ என்ற ஊரில் 1925இல் இருந்து ஈஸ்டர் காலத்தில் ஆட்டுப் பந்தயம் நடக்கிறது, ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஆளும் பின்னால் ஓட வேண்டும், நண்டுப் பந்தயமும் உண்டு. கரையில் இருந்து தள்ளி நடுக்கடலில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கக்கூடிய நைலோன் பூல் என்ற இடம் இருக்கிறது, பாசிக்குடாவில் தூரத்துக்கு நடந்து போனவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று உடனே தெரியும். இந்த இரண்டையும் வைத்து ஒரு காலை முழுக்க விளையாட்டாகவே நடத்தலாம், ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அதுதான் பொருத்தம்.

இடம் நல்ல நிழல், வேப்பமரம் இரண்டு, ஆனால் பத்து மணிக்குப் பிறகு வெக்கை தாங்காது, உள்ளே ஒரே ஒரு ஃபேன். தண்ணீர் போத்தல் இரண்டாகக் கொடுத்துவிடுங்கள். கழிவறை சுத்தம். பதினாறு பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் மூன்று பேர், ட்ரம் நாளில் அது காணாது. கட்டணம் நியாயம், சாமான் செலவைப் பார்த்தால் டீச்சருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது, அதற்குள்ளும் படுவான்கரைப் பிள்ளைகள் மூன்று பேரைக் காசு வாங்காமல் சேர்த்திருந்தார். முடிந்தவர்கள் ஒரு பிள்ளையின் காசைக் கூடக் கொடுத்தால் நாலாவது, ஐந்தாவது பிள்ளையும் வரும், நான் அடுத்தமுறைக்குக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பரில் மழை, வெள்ளம் என்று வைக்கமாட்டாராம், அடுத்தது சித்திரை விடுமுறையில்தான். வயதுக்கு இரண்டு குழுவாகப் பிரிப்பதாகவும், டின் விளிம்பெல்லாம் முதலே டேப் ஒட்டி வைப்பதாகவும் சொல்லியிருக்கிறார். டொபேகோவைப் பற்றியும் கேட்டேன். ஒழுங்கை முனையில் ஆடு வளர்க்கிற வீட்டோடு கதைத்துவிட்டாராம், இரண்டு குட்டி தருவார்கள்.